சொல்லிக்கொண்டு வந்த இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய் பிசாசுக் கதை பேசுகிற ஆள் இல்லை. எங்கள் தெருவில் யாருக்காவது சாமி வந்து ஆடினால்கூட, ராத்திரி இந்த அம்மாவுக்குக் கால் என்ன வலி வலிக்கப் போகிறதோ என்றுதான் எனக்குத் தோன்றும். கீரமங்கலத்தில் ஓர் உரக்கடையில் பில் போடுகிறேன். பூச்சிமருந்து டப்பாவில் அச்சடித்திருப்பதையே பாதிதான் நம்புவேன், இதில் பேயை எங்கே போய் நம்புவது. அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் உள்ளுக்குள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. இதையே வேறு யாராவது என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நானும் ஒரு டீயை வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்திருப்பேன்.

இன்னொன்றையும் சொன்னால்தான் மற்றது புரியும். எனக்கு ஒரு பெண் குழந்தை நிறைமாதத்தில் வயிற்றிலேயே தவறிப்போனது. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். எனக்கு மயக்கம் தெளிவதற்குள் மாமனாரும் கொழுந்தனாரும் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு, குளித்துத் துணி மாற்றி வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன், அதெல்லாம் எதுக்கும்மா என்றார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்கள், எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். என் வீட்டுக்காரர் அப்போது ஷார்ஜாவில் இருந்தார், டிக்கெட் கிடைத்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு நான் அழவில்லை. வைராக்கியம் எல்லாம் ஒன்றும் கிடையாது, வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு ஒரு பக்கம் தடித்துப்போய் நம்முடையதாகவே இருக்காதே, அந்த மாதிரி உடம்பு முழுக்க ஆகிவிட்டது. சாப்பிட்டேன், குளித்தேன், கடைக்குப் போனேன், யூரியா மூட்டைக்குப் பில் போட்டேன். சுற்றியிருந்தவர்கள்தான் விடவில்லை. காத்துக் கருப்பு என்றார்கள், தோஷம் என்றார்கள், ஆளுக்கொரு கோயிலில் இருந்து மந்திரித்துக் கொண்டுவந்து கட்டினார்கள். என் இடுப்பில் கட்டிய கயிற்றை எல்லாம் சேர்த்து முறுக்கினால் ஒரு மாட்டைப் பிடித்துக் கட்டியிருக்கலாம். எல்லாவற்றையும் ஒரு நாள் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டேன். இனி இப்படியே இருந்துவிடுவேனோ என்பது ஒன்றுதான் எனக்கு இருந்த பயம். கொடுமை என்னவென்றால் அதைக்கூடப் பயமாக உணர முடியவில்லை, கணக்கில் ஒரு வரி மாதிரி அது பாட்டுக்கு இருந்தது.

போன வருஷம் என் வீட்டுக்காரர் லீவில் வந்தபோது முதுகில் மாட்டுகிற பெரிய பை இரண்டு வாங்கிக்கொண்டு வந்தார். ஷார்ஜாவில் ரூமில் படுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களின் வீடியோவாகப் பார்ப்பார் போலிருக்கிறது. ஒரு வாரம் நாம் இரண்டு பேரும் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸிலேயே ஊர் ஊராகப் போகலாம் என்றார். எங்கே, ஊட்டியா என்றேன். இல்லை, நம்ம புதுக்கோட்டை ஜில்லாதான், பிறந்து வளர்ந்த ஜில்லாவையே நாம் இன்னும் பார்க்கவில்லை என்றார். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். அறந்தாங்கி பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் பையைப் பார்த்துவிட்டு, போர்வை வியாபாரமா அண்ணே, லக்கேஜ் போடணுமே என்றார். என் வீட்டுக்காரர் ரொம்பப் பெருமையாக, சும்மா சுத்திப் பாக்க வந்தோம் என்று சொன்னார். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் எதற்காக இதைச் செய்கிறார் என்று எனக்குத் தெரியும். குழந்தையைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அதற்குப் பதிலாக எதையாவது வாங்குவார், எங்கேயாவது கூட்டிப்போவார். நானும் போனேன். மீமிசலில் கடலில் இறங்கி நின்றேன், கால் நனைந்தது. திருமயம் கோட்டையில் ஏறினேன், மூச்சு வாங்கியது. அவர் ஒவ்வொரு இடத்திலும் என் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பார், ஏதாவது மாறியிருக்கிறதா என்று. அவரைப் பார்த்துப் பாவப்பட வேண்டும் என்று எனக்குப் புரிந்தது, ஆனால் பாவமாக இல்லை.

அதற்கடுத்து புதுக்கோட்டையில் ஒரு லாட்ஜில் தங்கிக்கொண்டு, பெரிய பையை அங்கேயே வைத்துவிட்டு, காலையில் குளத்தூர்ப் பக்கம் கிளம்பினோம். அந்தப் பக்கத்தில் கல்வட்டங்கள் இருக்கின்றன, ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தையவை, அந்தக் காலத்து ஜனங்கள் செத்தவர்களின் எலும்பைத் தாழியில் போட்டு வைத்த இடம் என்று அவர் எதிலோ பார்த்திருக்கிறார். பஸ்ஸில் இறங்கி, ஆட்டோவில் கொஞ்ச தூரம் போய், அதற்கப்புறம் தைலமரக் காட்டுக்கு ஓரமாக நடை. செம்மண் தரை, சரளைக்கல், ஈரமே இல்லாத இடம். துருப்பிடித்த நீலப் போர்டு ஒன்று சாய்ந்து கிடந்தது, அதில் எழுத்து எதுவும் மிச்சமில்லை. ஆட்டோக்காரர் அங்கே ஒன்றுமே இல்லையே, எதுக்குப் போறீங்க என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

ஆட்டோக்காரர் சொன்னதும் தப்பில்லை, பார்க்க அப்படி ஒன்றும் இல்லைதான். வெட்டவெளியில் ஆள் உட்காருகிற உயரத்துக்கு உருண்டைக் கற்களை வட்டமாகப் போட்டிருக்கிறார்கள். வட்டத்துக்கு நடுவில் பலகைக் கல்லை நட்டுப் பெட்டி மாதிரி ஓர் அறை, பாதி மண்ணுக்குள். சிலதில் ஒரு பலகையில் கை நுழைகிற அளவுக்கு உருண்டையாக ஒரு ஓட்டை இருக்கிறது. அது வழியாகச் செத்தவர்களுக்குச் சோறு போடுவார்கள் என்று அவர் விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார். பெரும்பாலானதைப் புதையல் கிடைக்கும் என்று யாரோ தோண்டிக் கலைத்திருந்தார்கள். நான் பின்னாலேயே ம் கொட்டிக்கொண்டு போனேன். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது, தண்ணீர் பாட்டிலில் பாதிதான் இருக்கிறது என்பது மட்டும்தான் என் மனதில் ஓடியது.

கடைசியில் தனியாக ஒரு வட்டம் இருந்தது, சின்னது. அதற்குள் இருந்த கல் அறையும் சின்னது, எங்கள் வீட்டு மாவு டிரம்மைப் படுக்க வைத்தால் அதற்குச் சரியாக இருக்கும், அதன் பலகையிலும் அந்த மாதிரி ஓர் ஓட்டை. பக்கத்தில் ஒற்றைப் புங்கமரம். அவர் பேச்சு வேகத்தில், "இது கைப்புள்ளைக்குப் போட்டது போல" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கையில் இருந்த போனைப் பார்த்தார், அங்கிட்டு நல்ல வெளிச்சமா இருக்கு, ஒரு வீடியோ எடுத்துட்டு வாரேன் என்று சொல்லிவிட்டு, தூரத்தில் இருந்த பெரிய வட்டத்தைப் பார்த்து நடந்து போய்விட்டார். நான் நிழலுக்காகப் புங்கமரத்தடிக்குப் போனேன்.

இனிமேல் சொல்வதைத்தான் நீங்கள் நம்பமாட்டீர்கள். பரவாயில்லை.

மரத்தடிக்குப் போனதும் ஒரு சின்ன முனகல் கேட்டது. குழந்தை தூக்கம் கலையும்போது, அழலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி ஒரு சத்தம் போடுமே, அது. திரும்பிப் பார்த்தால் மரத்தின் அந்தப் பக்கத்துக் கிளையில் தூளி கட்டியிருந்தது. எனக்கு அது அதிசயமாகவே படவில்லை. நூறு நாள் வேலைக்கு வருகிற பெண்கள் எங்கள் ஊர்ப் பக்கமும் கண்மாய்க் கரையில் இப்படித்தான் தூளி கட்டிப் போட்டுவிட்டு மண் வெட்டிக்கொண்டிருப்பார்கள். யாராவது இருப்பார்கள் என்று சுற்றிப் பார்த்தேன், ஒரு ஆள் இல்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாய் திரிகிற இடத்தில் பச்சைப்பிள்ளையை இப்படிப் போட்டுவிட்டு எங்கே தொலைந்தாள், வரட்டும், நாலு வார்த்தை கேட்கலாம் என்று நினைத்தேன். யோசித்துப் பாருங்கள், எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

முனகல் அழுகையாக மாறப் பார்த்தது. போய்த் தூளியைப் பிடித்து ஆட்டினேன். துணியை விலக்கிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று அவர் பிறகு எத்தனையோ தரம் கேட்டுவிட்டார். ஆண்களுக்கு இது தெரியாது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் அடுத்தவள் பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்க்கக்கூடாது, கண்ணு பட்டுவிடும் என்பார்கள். எங்கள் சொந்தத்திலேயே ஒரு காதுகுத்தில், நான் பக்கத்தில் போய் நின்றதும் ஒருத்தி பிள்ளையை அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, ஆனால் பழகிப்போய்விட்டது. அதனால் வெளியில் இருந்தபடியே தூளிக்கு அடியில் கையைக் கொடுத்துத் தாங்கித் தட்டிக் கொடுத்தேன்.

கனம் இருந்தது. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். துணிக்குப் பின்னால் ஒரு சின்ன முதுகு, அதன் சூடு என் உள்ளங்கையில் ஏறியது, மூச்சு விடும்போது மேலேயும் கீழேயும் போனது. துணி நாம் கட்டுகிற சேலை மாதிரி இல்லை, சாக்கு மாதிரி முரடாக இருந்தது. கட்டியிருந்தது நைலான் கயிறும் இல்லை, ஏதோ மரப்பட்டையில் உரித்த நார். இதையெல்லாம் கண் பார்த்தது, ஆனால் அப்போது என் மனதில் ஏறவில்லை. ச்சூ ச்சூ என்று சொல்லிக்கொண்டு தட்டிக்கொண்டே இருந்தேன், என் கை அதைத் தானாகவே செய்தது, யாரும் சொல்லித் தரவில்லை.

அப்போதுதான் மார்பு இரண்டும் இறுகி, சுரீர் என்று குத்தியது. எனக்கு அது என்ன என்று தெரியும். குழந்தை போன மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதே மாதிரி வந்தது, குடிக்கப் பிள்ளை இல்லை, மாத்திரை கொடுத்து வற்ற வைத்தார்கள். வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது சுடிதார் முன்பக்கம் முழுக்க நனைந்து, கீழே வயிறு வரை இறங்கியது. நான் அசையவில்லை. பயப்படவும் இல்லை. நின்றுகொண்டே அழுதேன், சத்தம் வராமல், மூக்கு ஒழுக. ரொம்ப நாள் கழித்து உடம்பு என்னுடையதாக இருந்தது. அதைத் தவிர வேறு எதையும் அந்த நேரத்தில் நான் நினைக்கவில்லை, அந்தப் பிள்ளையின் அம்மா வந்துவிடக்கூடாது என்றுகூட நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது, பிள்ளை தூங்கிவிட்டது. தூரத்தில் இருந்து அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் கையை மெதுவாக எடுத்தேன். எடுக்கும்போது, பிள்ளை உள்ள வீட்டில் இருந்து கிளம்பும்போது சொல்வோமே, அந்தப் பழக்கத்தில், தூளியிடம் குனிந்து சொன்னேன்.

"தூங்குடா தங்கம். அம்மா போயிட்டு வாரேன்."

அம்மா என்று ஏன் வந்தது, தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

நான் நடந்து அவரிடம் போனதும் என் உடுப்பைப் பார்த்துவிட்டு, பாட்டிலைக் கவுத்துக்கிட்டியா என்றார். அதை விடுங்க, அங்கே ஒரு பிள்ளை தனியாகக் கிடக்கிறது, அதன் அம்மா வருகிற வரைக்கும் நாம் இருந்துவிட்டுப் போவோம் என்றேன். எந்தப் புள்ள என்றார். தூளியைக் காட்டுவதற்குத் திரும்பினேன். மரம் இருந்தது, தூளி இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். கிளையில் ஒரு நார்கூட இல்லை, கயிறு உரசிய தடம் இல்லை. யாரோ வந்து எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று சொன்னேன். சொல்லும்போதே சுற்றிலும் பார்த்தேன், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெட்டவெளி. தைலமரம் வரைக்கும் நடந்து போயிருந்தால்கூட ஆள் தெரிந்திருக்கும்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"நான் அங்கிட்டு இருந்து ஒன்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், ரேவதி. நீ மரத்துக்கிட்டயே போகல. அந்தச் சின்னக் கல்லுக்கு முன்னாடி குனிஞ்சு, ஓட்டைக்குள்ள கைய விட்டுக்கிட்டு நின்ன. நீ அழுகுறன்னு தெரிஞ்சுது, அழுகட்டும்னுதான் கிட்ட வரல."

நான் கையைப் பார்த்தேன். முழங்கை வரை செம்மண்ணாக இருந்தது.

இதற்கு நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். வெயில், காலையில் சரியாகச் சாப்பிடவில்லை, சின்னக் கல்லறையைப் பார்த்ததும் மனது எதையோ காட்டிவிட்டது. படித்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைக்க விரும்பினேன். ரோட்டுக்குத் திரும்பி நடந்தோம். பாலத்துச் சுவரில் ஒரு பெண் உட்கார்ந்து ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள், என் வயதுதான் இருக்கும், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனில் ஏதோ சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் இருக்குமா என்று கேட்டேன். தூக்குவாளியில் இருந்து ஊற்றிக் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே என் மார்பைப் பார்த்தாள், பெண்களுக்குத் தெரியாதா என்ன.

"பால் கட்டிக்கிட்டு நிக்கிறீங்களே, கைப்புள்ளைய எங்கிட்டு விட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டாள்.

"அங்கதான்" என்றேன்.

என் வாய்தான் சொன்னது. அவர் என்னைத் திடுக்கிட்டுப் பார்த்தார். அந்தப் பெண் கல்வட்டம் இருக்கிற பக்கம் பார்த்தாள், பிறகு காதில் இருந்த ஒயரைக் கழற்றினாள். அவர்தான் நடந்ததை எல்லாம் சொன்னார், சிரிப்பாக முடிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், கிளம்பி வரும்போது ஏதாவது சொன்னீங்களா என்று. நான் சொன்னதைச் சொன்னேன்.

"சாவு வீட்டுல போயி யாராச்சும் போயிட்டு வாரேன்னு சொல்லுவாங்களாக்கா? சுடுகாட்டுல சொல்லுவாங்களா? அதுவும் அப்படிப்பட்ட எடந்தானே. நாங்க அங்கிட்டு ஆடு பத்திக்கிட்டுப் போனாலும் ஒருத்தருக்கொருத்தர்கூடச் சொல்லிக்க மாட்டோம், சத்தங்காட்டாம வந்துருவோம். சொல்லிட்டா ஒன்னு நீங்க திரும்பி அங்க போகணும்." அதோடு நிறுத்திக்கொண்டாள். இல்லாட்டி என்று நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி தலைக்குக் குளிச்சுட்டுப் போங்க என்று சொல்லிவிட்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

எவ்வளவு சாதாரணமான விஷயம் பாருங்கள். துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வர வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் போர்டு வைத்து, சுற்றிப் பார்க்கிற இடம் என்று ஆகிவிட்டால் அதைச் சாவு நடந்த இடமாக யார் நினைக்கிறார்கள். நாங்கள் குளிக்கவும் இல்லை. கீரனூரில் புரோட்டா சாப்பிட்டோம், பஸ் ஏறினோம், லாட்ஜில் பையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மிச்ச நாள் சுற்றலாம் என்று இரண்டு பேருமே பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

டாக்டரம்மாவிடம் போனேன். ரத்தம் எடுத்தார்கள், தலையில் ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் நார்மல். சில பேருக்கு மன அழுத்தத்தில் இப்படி வருவது உண்டு, தானாக நின்றுவிடும், துணி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மாமியாரிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை, சொன்னால் மறுபடியும் கயிறும் எலுமிச்சம்பழமுமாக வீடு நிறைந்துவிடும். லீவு முடிந்து அவர் ஷார்ஜாவுக்குக் கிளம்பினார். காரில் ஏறும்போது என்னிடம் போயிட்டு வாரேன் என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் நிறுத்திவிட்டு, தலையை மட்டும் ஆட்டினார்.

தானாக நிற்கவில்லை. தினமும் இல்லை, சில நாள் காலையில், சில நாள் கடையில் டீ வருகிற நேரத்துக்கு, அதே சுரீர். பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும், பசித்து அழுகிற சத்தம் காதில் விழுந்தாலே பால் தானாக இறங்கும். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை, ஆனால் உடம்புக்குக் கேட்கிறது. பாத்ரூமில் போய்த் துணியை மாற்றிக்கொண்டு வந்து மறுபடி பில் போடுவேன். அந்த ஆடு மேய்க்கிற பெண் சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே ஒரு பிள்ளை காத்துக்கொண்டிருக்கிறது, நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நம்பிக்கை இல்லாதவளாகவே இருந்தாலும் எத்தனை நாளைக்குத்தான் அதைத் தாங்க முடியும்.

கடைசியில் ஒரு நாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பிப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. அதே பஸ், அதே செம்மண். ஒரு வேளை நான் அங்கிருந்து திரும்பாமல் போய்விடுவேனோ என்றும் தோன்றியது. தோன்றியும் போனேன், அந்த மாதிரி ஓர் இழுப்பு அது. சின்ன வட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன், வெயில் சாய்கிற வரைக்கும். ஓட்டைக்குள் கையை விட்டேன், உள்ளே குளிர்ந்த மண்தான் இருந்தது, ஒரு பூரான் ஊர்ந்து போனது. மரத்தில் தூளி இல்லை. முனகல் இல்லை. மார்பு காய்ந்தே கிடந்தது, ஒரு சொட்டு இல்லை. எனக்கும் உள்ளுக்குள் ஒன்றுமே இல்லை, பழையபடி ஊசி போட்ட உதடு மாதிரி. ஆள் இல்லாத வீட்டில் போய்க் கதவைத் தட்டிவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது. கிளம்பும்போது சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தேன். ரோட்டோரக் குழாயில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டேன், ஈரத்தோடேயே பஸ் ஏறினேன். சரி, முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

இருட்டின பிறகுதான் வீடு வந்து சேர்ந்தேன். மாமியார் எங்கே போனாய் என்று கேட்டார், ஏதோ சொன்னேன். என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் திரும்பினேன். திரும்பியதும் மார்பு இறுகி, சுரீர் என்று இறங்கியது. அதுவரை இறங்கியதிலேயே அதுதான் அதிகம், நாள் முழுக்கப் பிள்ளையை இங்கே விட்டுவிட்டுப் போயிருந்தேன் அல்லவா. அப்படியே கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் சொல்லாமல் விட்ட மிச்சம் என்ன என்று அப்போது எனக்குப் புரிந்தது.

அவருக்கு இது தெரியாது. போனில் சொல்லுகிற விஷயமா இது. ராத்திரி வீடியோவில் கூப்பிட்டால், அவ்வளவு பெரிய கட்டிலில் எதுக்கு இப்படி ஓரத்திலேயே படுத்திருக்கிறாய், விழுந்து வைக்கப்போகிறாய் என்று சத்தம் போடுகிறார். ஃபேன் காற்று இந்தப் பக்கம்தான் வருகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். சுவர் ஓரமாக இடம் விட்டுத்தான் படுக்கிறேன், பிள்ளை உருண்டு விழுந்துவிடக்கூடாது என்று எல்லாரும் படுப்பார்களே, அப்படி. காலையில் எழுந்ததும் அந்த இடத்து விரிப்பில் கை வைத்துப் பார்க்கிறேன். சில நாள் சூடாக இருக்கிறது.

நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன், ஆமாம், பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சூடாக இருக்கிற நாளில் இல்லை. கையை வைத்து, விரிப்பு சில்லென்று இருக்கிற நாளில்தான் நான் பயந்துபோய்க் கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால் எல்லாம் தேடுகிறேன்.